துரு நீங்கிய இழைப்புளி

சித்தூரிலிருந்து பாகாலா செல்லும் வழியில் உள்ள ஊர் புத்தலப்பட்டு. மாமரத் தோப்புகளுக்குப் பெயர் பெற்ற சித்தூர் மாவட்டத்தில் தெலுங்கோடு தமிழும் சேர்ந்து ஒலிக்கும். இம்மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் தனியே பிரியும் வரை இது சென்னையின் ஆட்சிப் பகுதியில் இருந்தது. எல்லைக்கோடு மாறிய பிறகும் வீட்டுக்குள் தமிழே பேசிவரும் குடும்பங்கள் இங்குப் பல உண்டு.

இத்தகைய பகுதியில் ஒரு தச்சரின் கருவிப் பையைத் திறந்தால் இரு மொழிகளும் சேர்ந்தே வெளிவரும். மரத்தைச் செதுக்கும் கருவி தமிழில் உளி, தெலுங்கில் உலி. அறுக்கும் கருவி தமிழில் ரம்பம், தெலுங்கில் ரம்பமு. ஆனால் பலகையை வழுவழுப்பாக்கும் கருவியின் பெயரில் இரு மொழிகளும் பிரிகின்றன. தெலுங்குத் தச்சர் அதனைச் 'சித்ரிக' என்பார். தமிழ்த் தச்சர் 'இழைப்புளி' என்பார்.

இழைப்புளி என்னும் சொல்லை முதன்முறை கேட்கும் பிள்ளைகள் சமையலறைப் புளியை நினைப்பதுண்டு. அச்சொல்லில் புளி இல்லை. இழைப்பு, உளி என்னும் இரு சொற்கள் அதில் சேர்ந்துள்ளன. இழைப்பு என்பதன் இறுதியில் உள்ள உகரம் மறைய, எஞ்சிய மெய்யின்மேல் உளியின் உகரம் ஏறி இழைப்புளி ஆயிற்று. இழைக்கும் உளி என்பது அதன் பொருள். சந்தனக் கட்டையைக் கல்லில் தேய்ப்பதையும் தமிழர் இழைத்தல் என்றே கூறுவர். ஒரு வேலையைப் பொறுமையுடன் நுணுக்கமாகச் செய்தவரை 'இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்' என்று பாராட்டுவர்.

பெயரிலேயே உளி இருப்பது பொருத்தமானதே. வெறும் உளியைக் கையில் பிடித்துப் பலகையைச் சீவினால் அது சில இடங்களில் ஆழமாக இறங்கும். சில இடங்களில் வழுக்கி ஓடும். அதே உளியை ஒரு கட்டையின் நடுவே சாய்வாகப் பொருத்தி, அதன் கூர்முனை மட்டும் அடிப்பரப்பிலிருந்து மயிரிழை அளவு வெளியே தெரியுமாறு செய்தால், அது அந்த அளவுக்கு மேல் மரத்திற்குள் இறங்க இயலாது. இழைப்புளியின் இயக்கம் முழுவதும் இந்த எளிய கருத்தில் அடங்கியுள்ளது. வெட்டும் தகட்டிற்கு அலகு என்று பெயர். அது வெளியே எட்டிப் பார்க்கும் இடுக்கு, வாய். அலகு அசையாமல் இருக்க அடிக்கப்படும் சிறு மரத்துண்டு, ஆப்பு. பெரும்பாலான இழைப்புளிகளில் அலகு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் அமர்ந்திருக்கும்.

நீளமும் முக்கியமானது. மேடுபள்ளமான பலகையின்மீது குட்டையான இழைப்புளியைத் தள்ளினால் அது மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். பரப்பு வழுவழுப்பாகும், சமமாகாது. நீண்ட இழைப்புளியோ பள்ளத்தின்மீது பாலம் போல் கிடந்து மேடுகளை மட்டும் சீவும். ஆகவே தச்சர் பெரியதும் சிறியதுமாக ஒன்றிற்கு மேற்பட்ட இழைப்புளிகளை வைத்திருப்பர். பெரியது பலகையை நேராக்கும். சிறியது அதனை மெருகேற்றும்.

இக்கருவி மிகப் பழைமையானது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்தில் ரோமானியரின் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. பல நூற்றாண்டுகள் அதன் உடல் மரத்தாலேயே செய்யப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லியோனார்ட் பெய்லி என்பவர், திருகைச் சுழற்றினால் அலகு ஏறி இறங்கும் வகையில் வார்ப்பிரும்பு இழைப்புளிகளை வடிவமைத்தார். அவருடைய காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. ஏறத்தாழ 9 அங்குல நீளமுள்ள நான்காம் எண் இழைப்புளியும் 22 அங்குல நீளமுள்ள ஏழாம் எண் இழைப்புளியும் உலகெங்கும் பரவின. எனினும் இந்தியத் தச்சர் மர உடல் கொண்ட இழைப்புளியைக் கைவிடவில்லை. வைரம் பாய்ந்த கட்டை ஒன்றும் நல்ல அலகு ஒன்றும் இருந்தால் உடலைத் தாமே செய்துகொள்ளலாம் என்பது அதற்கு ஒரு காரணம்.

இன்று மின்சாரத்தால் இயங்கும் இழைப்புப் பொறி பல மணி நேர வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. நாள் முழுவதும் கதவுப் பலகைகளை இழைத்துத் தோள் வலித்தவர் அப்பொறியை வரவேற்பதில் தவறில்லை. ஆனால் அதன் வருகைக்குப் பின் பழைய இழைப்புளிகள் பரணுக்குச் சென்றன. பரணிலிருந்து சில, பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. அங்கு இழைப்புளிக்கும் உடைந்த வாளிக்கும் ஒரே மதிப்புத்தான், எடைக்கேற்ப விலை. ஒரு தாத்தா தம் வாழ்நாள் முழுவதும் பிடித்துத் தேய்ந்த பிடியின் பள்ளத்தை எந்தத் தராசும் கணக்கில் கொள்வதில்லை.

துருப்பிடித்த இழைப்புளி செத்துவிட்ட கருவி அன்று. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் இரும்போடு சேர்வதால் துரு உண்டாகிறது. அது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிற்கும். உள்ளே இருக்கும் இரும்பு நலமாக இருந்தால் அதனை மீட்டுவிடலாம். உடலில் விரிசல் விழுந்திருந்தால் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. தரையில் ஒருமுறை விழுந்தாலே பிளந்துபோகலாம்.

மீட்கும் வேலை பிரிப்பதில் தொடங்குகிறது. மர இழைப்புளியாயின் அதன் பின்முனையைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் ஆப்பு தளரும். அலகையும் ஆப்பையும் இழுத்துப் பறிக்கக் கூடாது. இரும்பு இழைப்புளியாயின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின்மீது பரப்பி வைத்தல் நல்லது. இந்தச் சிறு ஒழுங்கைக் கடைப்பிடிக்காதவர்கள் பூட்டும்போது ஒரு திருகு மிஞ்சி நிற்பதைக் கண்டு திகைப்பர்.

அடுத்தது துருவை நீக்குதல். இங்கேதான் சமையலறைப் புளிக்கு உண்மையிலேயே வேலை வருகிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துப் பளபளப்பாக்குவது தமிழர் வீடுகளில் நெடுங்கால வழக்கம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவையும் கரைக்கும். கெட்டியாகக் கரைத்த புளிநீரில் அல்லது வினிகரில் இரும்புப் பகுதிகளைச் சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் செந்நிறத் துரு கழன்றுவரும். ஓர் இரவுக்கு மேல் விடுவது தவறு. துருவைத் தின்ற அமிலம் பிறகு இரும்பையும் தின்னத் தொடங்கும். எடுத்த பின் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். அப்படியே வைத்துவிட்டால் அன்று மாலைக்குள்ளேயே புதிய துரு பூக்கும். மரப் பகுதிகளை நீரில் ஊறவைக்கக் கூடாது. ஈரத்துணியால் அழுக்கை நீக்கி, காய்ந்த பின் ஆளிவிதை எண்ணெய் தடவினால் போதும்.

அடிப்பரப்பு சமமாக உள்ளதா என்பதைக் கண்ணால் மட்டும் அறிய முடியாது. தடித்த கண்ணாடித் தகட்டின்மீது உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் வரைந்து, அதனை உப்புத்தாளின்மீது முன்னும் பின்னும் தேய்ப்பர். மேடான இடங்களில் கோடுகள் முதலில் மறையும். பள்ளமான இடங்களில் அவை அப்படியே நிற்கும். எல்லாக் கோடுகளும் மறையும் வரை தேய்க்க வேண்டும் என்பதில்லை. முன்முனை, வாயின் ஓரம், பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் அமைந்தால் கருவி நன்றாகவே வேலை செய்யும்.

இனி அலகு. மற்ற அனைத்தும் செம்மையாக இருந்து அலகு மழுங்கியிருந்தால் இழைப்புளி வெறும் கட்டைதான். அலகின் கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒன்று பின்புறத்துத் தட்டையான பரப்பு. மற்றொன்று சாய்வாகத் தீட்டப்பட்ட பரப்பு. சாய்வை மட்டும் தீட்டிவிட்டுப் பின்புறத்தில் துருக்குழிகளை விட்டுவைத்தால், அக்குழி கூர்முனையை எட்டும் இடத்திலெல்லாம் கூரில் பல் விழும். எனவே முனையை ஒட்டிய பின்புறப் பகுதியை முதலில் கல்லில் தேய்த்துச் சமமாக்குவர். பிறகு சாய்வை 25 முதல் 30 பாகைக்குள் தீட்டுவர். சுழலும் சாணைக்கல்லில் அவசரப்பட்டு அழுத்தினால் எஃகு சூடேறி நீலநிறம் கொள்ளும். நீலம் ஏறிய முனை தன் உறுதியை இழந்துவிடும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டுவது இதனால்தான். கூரைச் சோதிக்க விரலைப் பயன்படுத்தலாகாது. ஒரு தாளை அறுத்துப் பார்க்கலாம். மாணவர்கள் இவ்வேலையைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்தல் வேண்டும்.

பழைய இழைப்புளியை எந்த அளவுக்குப் புதுப்பிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் வண்ணம் பூசிக் கடையிலிருந்து வந்தது போல் மின்னச் செய்வர். அழகுதான். ஆயினும் முந்தைய உரிமையாளர் உடலில் பொறித்த பெயரின் முதலெழுத்தையும், உள்ளங்கை பட்டுக் கறுத்த பகுதியையும் உப்புத்தாளால் அழித்துவிட்டால், மிஞ்சுவது யாருடையதும் அல்லாத ஒரு பொருள். துருவை நீக்குவது கருவிக்குச் செய்யும் உதவி. கைத்தடத்தை நீக்குவது அத்தகையது அன்று.

தச்சுத் தொழிலில் இழைப்பு வேலைக்குக் கிடைக்கும் புகழும் சற்றுக் குறைவே. திருப்பதி மாவட்டத்து மாதவமாலா என்னும் சிற்றூர் மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. செம்மரத்தில் செய்த மரப்பாச்சிப் பொம்மைகளைக் கொலுவில் வைத்து அனைவரும் வியப்பர். செதுக்கிய உருவம் கண்ணில் படும். இழைத்த பரப்போ கையில்தான் படும். கதவையோ ஊஞ்சற்பலகையையோ தடவிப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும். உப்புத்தாள் மரத்தின் நார்களைக் கீறித் தேய்க்கிறது. கூரிய அலகு அவற்றை வெட்டுகிறது. அதனால் நன்கு இழைத்த பலகையில் எண்ணெய் பூசாமலேயே ஓர் ஒளி தென்படும்.

ஜப்பானில் இந்தப் பெருமைக்கென்றே போட்டிகள் நடைபெறுகின்றன. அந்நாட்டுத் தச்சர்கள் இழைப்புளியைத் தள்ளுவதில்லை. தம்மை நோக்கி இழுப்பர். நீண்ட மரத்தின்மீது ஒரே இழுப்பில் மிக மெல்லிய சீவலை எடுப்பவரே வெற்றி பெற்றவர். தேர்ந்தவர் எடுக்கும் சீவலின் தடிமன் 10 மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமனானது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் அத்தகைய போட்டி வழக்கமில்லை. ஆனால் ஆயுத பூசையன்று தச்சர்கள் கருவிகளைத் துடைத்து எண்ணெயிட்டுச் சந்தனமும் குங்குமமும் வைப்பர். அன்று அவை ஓய்வெடுக்கும்.

மீட்கப்பட்ட இழைப்புளியைப் பூட்டி முடித்ததும், அதனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கண்ணை மூடி அடிப்பரப்பின் நெடுக நோக்குவர். அலகின் முனை கரிய கோடு போல் சற்றே தெரிய வேண்டும். அது ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் பக்கவாட்டில் தட்டிச் சரிசெய்வர். பிறகு நார் ஓடும் திசையை அறிந்து, அத்திசையிலேயே தள்ளுவர். எதிர்த்திசையில் தள்ளினால் நார்கள் பெயர்ந்து பரப்பு கிழியும். முதல் தள்ளலில் வெறும் தூள் வரலாம். ஆப்பை இன்னும் ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் தள்ளலில் வாயிலிருந்து சீவல் சுருண்டெழுந்து கையின்மேல் விழும். வேலை முடிந்ததும் கூர் மழுங்காதிருக்க இழைப்புளியைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பர்.