பழம் பொதிந்த கொழுக்கட்டை

கொழுக்கட்டைக்குள் தேங்காய்ப் பூரணம் இருக்கும், எள் இருக்கும். முழுப் பழம் ஒன்று இருக்குமா? ஜப்பானியர் வைக்கின்றனர். ‘இச்சிகோ தைஃபுகு’ என்பது அதன் பெயர். இச்சிகோ என்றால் ஸ்ட்ராபெர்ரி. தைஃபுகு என்றால் பெரும்பேறு. பயற்றுப் பூரணம் மட்டும் வைத்த தைஃபுகு பழையது; அதனுள் பழம் புகுந்தது 1980களில்தான். முதலில் செய்தவர்கள் நாங்களே என்று அங்கே பல கடைகள் உரிமை கொண்டாடுகின்றன.

சென்ற பொங்கலுக்கு இதைச் செய்து தருவதாகச் சங்கத்து நண்பர்களிடம் வாக்களித்து மானம் இழந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டை மாவில்தான் செய்தேன். சூடாக இருந்தவரை சொன்னபடி கேட்டது. ஆறியதும் வெடித்துப் பழம் எட்டிப் பார்த்தது. மாவின்மீது குற்றமில்லை. வேதியியல் படிக்கும் நான் அரிசியின் வேதியியலை மறந்துவிட்டேன்!

அரிசியின் மாவுச்சத்தில் இருவகை மூலக்கூறுகள் உண்டு. ஏறக்குறைய நேராக நீண்டது அமிலோஸ். மரம்போல் கிளைத்தது அமிலோபெக்டின். இட்லிக்கும் சோற்றுக்கும் நாம் கொள்ளும் அரிசிகளில் அமிலோஸ் பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். வெந்த மாவு ஆறும்போது இந்த நீண்ட இழைகள் விரைவில் ஒன்றையொன்று பற்றி வரிசை கட்டுகின்றன, மாவு விறைக்கிறது. மோச்சி செய்யும் அரிசியிலோ அமிலோஸ் அறவே இல்லை எனலாம். கிளைத்த மூலக்கூறுகள் அவ்வளவு எளிதில் அடுங்குவதில்லை. ஆகவே ஆறிய பின்னும் அது காதுமடல்போல் மென்மையாக இருக்கிறது.

அஸ்ஸாமில் வாழும் நமக்கு இவ்வரிசி தொலைவில் இல்லை. பிஹுவுக்கு எள்ளும் வெல்லமும் வைத்துப் பிட்டா சுடுகிறார்களே, அந்தப் போரா சாவுல் ஒட்டரிசிதான். (செட்டிநாட்டுக் கவுணி அரிசியும் ஒட்டும் இனமே, நிறம் மட்டும் கறுப்பு.) இரவு ஊறவைத்து, நீர்விட்டு அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து உலர்த்துக. உலர்ந்த மாவு 100 கிராம், சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 150 மி.லி. கரைத்து ஆவியில் 20 நிமிடம் வைத்து, இடையில் ஒருமுறை கிளறவேண்டும். வெண்மை போய்ப் பளபளப்பு வந்தால் வெந்தது. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமன்று. நீரைப் பிடித்துவைத்து மாவு விறைப்பதைத் தாமதப்படுத்துவதும் அதுவே.

பூரணத்துக்கு அங்கே அஸுகி என்னும் சிவப்புப் பயறு. நான் சிவப்புக் காராமணியை வேகவைத்து மசித்து, சர்க்கரையோடு உருண்டு வருமளவு கிளறினேன். பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, ஈரம் போகத் துடைத்து, பூரணத்தால் மூடுக. வறுத்த கார்ன்ஃப்ளோர் தூவிய தட்டில் மாவைக் கொட்டி எட்டாக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் விரித்து, பழத்தின் நுனி கீழிருக்க வைத்து, ஓரங்களை இழுத்து மேலே சேர்த்துக் கவிழ்த்துவிடலாம்.

அன்றே தின்றுவிட வேண்டும். பூரணத்துச் சர்க்கரை சவ்வூடு பரவலால் பழத்தின் நீரை வெளியே இழுக்கும். மறுநாள் உள்ளே ஒரே கசிவு. குளிர்பெட்டியில் வைத்தாலோ மாவு இன்னும் விரைவில் கெட்டிப்படும். முதியோருக்குச் சிறு துண்டுகளாக நறுக்கித் தருக; ஜப்பானில் புத்தாண்டு நாட்களில் மோச்சி தொண்டையில் சிக்கி முதியோர் இறப்பதுண்டு.

“எனக்கு நாலு அனுப்பேன்” என்கிறார் அம்மா. இங்கிருந்து மதுரைக்குப் பார்சல் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்பது நாம் அறிந்ததுதான். போரா மாவு அரைக் கிலோ மட்டும் அனுப்பியிருக்கிறேன். பழம் கொடைக்கானலிலிருந்து வரும்.