பிஞ்சு இதயங்களும் பீமாரிஸ்தான் மரபும்

மனித இதயத்தின் வலப்புற அறையையும் இடப்புற அறையையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியாகவே குருதி ஒருபுறமிருந்து மறுபுறம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் எழுதிவைத்தார். மேலை நூல்களில் கேலன் எனப்படுபவர் இவரே. இப்னு ஸீனா (ரஹ்) போன்ற பேரறிஞர்களும் இக்கருத்தை ஒட்டியே எழுதினர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் திமிஷ்கில் கல்வி கற்று, கெய்ரோவில் மருத்துவம் செய்த அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அதனை மறுத்தார். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242ஆம் ஆண்டில் அவர் எழுதிய விரிவுரையில், அச்சுவர் தடித்தது, துளையற்றது என்றும், வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்த பின்னரே இடப்புறம் வந்துசேர இயலும் என்றும் நிறுவினார். 1924ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவ மாணவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு இதனை உலகறியச் செய்தார்.

நம் மேடைப் பேச்சாளர்கள் சிலர் இரத்த ஓட்டம் முழுவதையுமே கண்டறிந்தவர் இப்னுந் நஃபீஸ் என்று முழங்குகின்றனர். அது மிகை. அவர் விளக்கியது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டத்தை மட்டுமே. உடல் முழுவதிலுமான சுழற்சியை 1628இல் விளக்கியவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. உள்ளதைச் சொன்னாலே இமாமவர்களின் பெருமை குறையாது. அவர் வெறும் மருத்துவரும் அல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு போதித்த ஆசிரியருமாவார்.

நலமான இதயத்தைப் பொறுத்தவரை இப்னுந் நஃபீஸ் சொன்னதே உண்மை. ஆயின் அதே சுவரில் மெய்யாகவே துளையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. உலகெங்கும் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது கீழறைச் சுவரில் உள்ள துளையாகும். இடப்புறத்தில் அழுத்தம் அதிகம். ஆதலால் தூய குருதி உடலுக்குச் செல்வதற்குப் பதிலாக வலப்புறம் பாய்ந்து, மீண்டும் நுரையீரலையே சென்றடைகிறது. நுரையீரல் நனைந்த பஞ்சுபோல் கனத்துப் போகிறது. குழந்தை பால் குடிக்கையிலேயே களைத்து வியர்க்கும், எடை ஏறாது, நிமோனியா அடிக்கடி வரும். சிறு துளைகள் சில தாமாகவே மூடிக்கொள்வதுண்டு. பெரிய துளையை உரிய காலத்தில் அடைக்காவிட்டால் நுரையீரலின் குழாய்கள் இறுகி, ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பிவிடும். உதடும் நகமும் நீலமாகும். அந்நிலை வந்தபின் துளையை அடைப்பதே உயிருக்கு ஊறாக முடியும். அதாவது, ஒரு வயதில் குணப்படுத்தத் தக்க நோய் சில ஆண்டுகளில் குணப்படுத்த இயலாததாக மாறிவிடுகிறது. பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ சில வாரங்களே தவணை.

நெருங்கிய உறவில் மணம் முடிப்பது இக்குறைகளுக்கான வாய்ப்பை ஓரளவு கூட்டுகிறது என மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. மாமன் மகள், அத்தை மகள் உறவைப் போற்றும் தமிழ்ச் சமூகம் முழுமைக்கும் பொருந்தும் செய்தி இது. மார்க்கம் அனுமதித்த ஒன்றை நாம் தடுக்கவில்லை; தலைமுறை தலைமுறையாக அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுமா என்பதைக் குடும்பத்தினர் ஆலோசிக்கலாம்.

இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை என்ற காலம் மலையேறிவிட்டது. 1944இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'நீலக் குழந்தை' ஒன்றுக்கு முதல் அறுவை நடந்தது. 1953இல் இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு அதன் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரம் வெற்றி கண்டது. எங்கள் திருவண்ணாமலையிலிருந்து எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961ஆம் ஆண்டிலேயே திறந்த இதய அறுவை நடைபெற்றது. ஏழைகளுக்கு அது எட்டாக் கனியாக இருந்த நிலையையும் தமிழக அரசு பெருமளவு மாற்றியது. 2008இல் பள்ளிச் சிறார்க்கான இதயப் பாதுகாப்புத் திட்டம், 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எனத் தொடர்ந்து வந்த ஏற்பாடுகளால், கூலித் தொழிலாளியின் பிள்ளையும் பெரிய மருத்துவமனையில் அறுவை பெற முடிகிறது. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரும் ஃபிக்ஹுப் பிரச்சினைக்கு இது தேவைப்படும்.

போர் நடக்கும் நாட்டில் நிலைமை வேறு. குண்டடிபட்டவனுக்குக் கட்டுப்போட ஒரு மருத்துவரும் ஒரு கூடாரமும் போதும். குழந்தையின் இதயத்தைத் திறப்பதற்கோ அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், இரவு பகலாகக் கண்காணிக்கும் தேர்ந்த செவிலியர் என ஒரு குழுவே வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். இரத்த வங்கி வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதனங்கள் வெளிநாட்டிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். போரும் பொருளாதாரத் தடையும் முதலில் குலைப்பது இந்தச் சங்கிலியைத்தான். 1990 முதல் 2003 வரை தடைகளால் நெரிக்கப்பட்ட இராக்கில், அதன் பின்னர் ஆக்கிரமிப்பும் உள்நாட்டுச் சண்டையும் தொடர, அனுபவம் மிக்க மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். இப்படி இறக்கும் குழந்தைகள் போரில் இறந்தோர் கணக்கில் சேர்வதில்லை.

இக்குழந்தைகளுக்கு உதவும் தொண்டு இருவகைப்படும். ஒன்று, குழந்தையை நலமான நாட்டிற்கு அழைத்து வருவது. மற்றொன்று, மருத்துவக் குழுவே அங்கு செல்வது. முதலாவது விரைவானது; ஒரு குழந்தை பிழைக்கிறது. இரண்டாவது மெதுவானது, ஆனால் உள்நாட்டு மருத்துவர்கள் பயிற்சி பெறுவதால் வந்தவர்கள் திரும்பிச் சென்றபின்னும் பணி நிற்பதில்லை. காபூலில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான 'லா ஷேன் தெ லெஸ்புவார்', ஆகா கான் வளர்ச்சி அமைப்பு, ஆப்கன், பிரெஞ்சு அரசுகள் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் அமைந்த குழந்தைகள் மருத்துவமனையில் 2006ஆம் ஆண்டில் திறந்த இதய அறுவை தொடங்கியது. தென் இராக்கின் நாஸிரிய்யா நகர இதய மருத்துவமனைக்கு 2010 முதல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் நோவிக்கின் குழுவினர் சென்று அறுவை செய்ததோடு உள்ளூர் மருத்துவர்களுக்குக் கற்றும் கொடுத்தனர். எகிப்தில் பிறந்து பிரிட்டனில் புகழ்பெற்ற மஜ்தி யாகூப், அஸ்வான் நகரில் 2009இல் இலவச இதய மருத்துவமனையை நிறுவினார். அவர் காப்டிக் கிறிஸ்தவர். அங்கே படுக்கையில் கிடக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

ஃபலஸ்தீனத்தைப் பற்றிப் பேசாமல் இப்பொருள் நிறைவுறாது. கிழக்கு ஜெரூசலத்தில் 1968 முதல் இயங்கும் மகாஸித் மருத்துவமனை, குழந்தைகளுக்கான இதய அறுவைக்குப் பெயர் பெற்றது. மகாஸித் என்றால் நோக்கங்கள். ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களில் உயிர்காத்தலும் ஒன்றென இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்திருப்பது அரபுக் கல்லூரி மாணவர் எவரும் அறிந்ததே. ஆயினும் காஸாவின் குழந்தை அங்கே செல்ல இஸ்ரேலிய அனுமதி வேண்டும். அனுமதி வருமுன் தவணை கடந்துவிடுவதுண்டு. கான்யூனிஸ் பகுதியின் ஐரோப்பிய மருத்துவமனையும் 2025 மே மாதத் தாக்குதலில் செயலிழந்தது. இதற்கிடையே, இஸ்ரேலின் ஹோலோன் நகரில் 1995 முதல் இயங்கும் 'ஒரு குழந்தையின் இதயத்தைக் காப்போம்' என்னும் அமைப்பு ஃபலஸ்தீன், இராக் குழந்தைகள் பலருக்கு இலவச அறுவை செய்திருக்கிறது. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் அதையே காட்டி ஆக்கிரமிப்பாளரின் கருணையைப் பாடுகிறார்கள். இரண்டும் பிழை என்பதே என் கருத்து. கத்தியைப் பிடித்த மருத்துவரின் நற்செயலை மறுப்பது நீதியன்று. ஒரு கூட்டத்தார் மீதான பகைமை நீதி தவறத் தூண்டலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தரும் விதி. அதே வேளையில், முற்றுகை இல்லாதிருந்தால் அக்குழந்தைகளுள் பலர் தம் ஊர் மருத்துவர்களிடமே பிழைத்திருப்பர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் நிறுத்தப்பட்ட டெல்லி–லாகூர் பேருந்து 2003 ஜூலையில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, இதயத்தில் துளைகளோடு இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் லாகூரிலிருந்து வந்தாள். பெங்களூரில் மருத்துவர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹ்ருதயாலயாவில் அவளுக்கு அறுவை நடந்தது. நாடெங்கிலும் இருந்து துஆக்களும் பிரார்த்தனைகளும் பொம்மைகளும் பணமும் குவிந்தன. திரண்ட நன்கொடையைப் பிற ஏழைக் குழந்தைகளுக்கென விட்டுச் செல்லப் பெற்றோர் முன்வந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஏப்ரலில், பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட கொடுஞ்செயலை அடுத்துப் பாகிஸ்தானியரின் விசாக்கள் ரத்தாயின. டெல்லியில் இதய அறுவைக்குக் காத்திருந்த, சிந்து மாகாணத்தைச் சேர்ந்த ஒன்பதும் ஏழும் வயதான உடன்பிறப்புகள் சிகிச்சை பெறாமலே திரும்ப நேர்ந்தது. பின்னர் அவர்களை ராவல்பிண்டி மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. ஆப்கானியருக்கும் 2021 ஆகஸ்டில் அதுவரை வழங்கிய விசாக்களை இந்தியா செல்லாதவையாக்கியது. மருத்துவமனையும் பணமும் இருந்தும் குழந்தை வந்துசேர இயலாமற் போகும் இடம் இதுதான்.

முற்கால முஸ்லிம்கள் போர்களுக்கு நடுவேதான் மருத்துவமனைகளைக் கட்டினர். சிலுவைப் போர்க் காலத்தில் நூருத்தீன் ஸங்கி 1154இல் திமிஷ்கில் பீமாரிஸ்தான் அமைத்தார். அங்கிருந்து வந்த மருந்தால் நலம் பெற்ற தளபதி கலாவூன், ஆட்சி கிடைத்தால் தாமும் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டு, சுல்தானான பின் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி பீமாரிஸ்தானை நிறுவினார். செல்வர், ஏழை, ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் எவரும் அங்கே சிகிச்சை பெறலாம். செலவுக்குக் கடைகளும் நிலங்களும் வக்ஃபு செய்யப்பட்டன. இப்னுந் நஃபீஸ் தம் வீட்டையும் நூலகத்தையும் இம்மருத்துவமனைக்கே வக்ஃபு செய்துவிட்டுப் போனார்.

இன்று நம் ஜமாஅத்துகள் இதில் என்ன செய்யக்கூடும்? ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்பதே முதலில் எழும் கேள்வி. எங்கள் வடஆர்க்காட்டுப் பகுதியில் ஹனஃபிகளே மிகுதி. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் செல்லுபடியாக 'தம்லீக்' நிபந்தனை. அதாவது பொருளை ஏழையின் உடைமையாக்க வேண்டும். ஆகவே மருத்துவமனைக் கட்டடத்திற்கோ இயந்திரத்திற்கோ ஜகாத் கொடுத்தால் நிறைவேறாது. குழந்தையின் தந்தை ஏழையாயின், குழந்தையின் சார்பில் அவர் கையில் கொடுக்கலாம். அல்லது மருத்துவமனைக்கு அவர் பட்ட கடனை அவர் சொல்லின்படி நாம் அடைக்கலாம். தந்தை வசதியுள்ளவராயின், சிறு குழந்தையும் வசதியுள்ளதாகவே கருதப்படும். ஆயினும் தன் ஊரில் சொத்திருந்தும் வந்த இடத்தில் கைக்கு எட்டாதவர் 'இப்னுஸ் ஸபீல்', வழிப்போக்கர் என்னும் வகையில் அடங்குவார். 2021க்குப் பின் வங்கியில் போட்ட பணத்தையே எடுக்க முடியாமல் தவித்த ஆப்கானியர் பலர் இதற்குப் பொருத்தமான சான்று.

உள்ளூர் ஏழைகள் இருக்க வெளியூருக்கு ஜகாத்தைக் கொண்டு செல்லலாமா என்பது அடுத்த கேள்வி. ஹனஃபிகளிடம் இது மக்ரூஹ். ஆனால் வெளியூரார் அதிகத் தேவையுடையவராயின் அந்த வெறுப்பு நீங்கிவிடும். நம் ஊர்க் குழந்தைக்கு அரசுக் காப்பீடு துணை நிற்க, காபூல் குழந்தைக்கு அதுவும் இல்லை என்பதை முன்பே கண்டோம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து கூடாது என்பதே. ஆயின் ஏமன் நாட்டு ஷாஃபிஈ அறிஞர் இப்னு உஜைல் (ரஹ்) கூடும் என்று ஃபத்வா அளித்தார் என்பதைக் கடற்கரை ஊர்களின் ஆலிம்கள் நன்கறிவர். முஸ்லிமல்லாத குழந்தைக்கு ஜகாத் செல்லாது என்பது பெரும்பான்மை உலமாக்களின் தீர்ப்பு. நஃபிலான ஸதகாவும் வக்ஃபும் தாராளமாகச் செல்லும். எனவே இரண்டையும் ஒரே உண்டியலில் போடாமல் தனித்தனிக் கணக்கு வைப்பது அவசியம்.

நாட்டுச் சட்டமும் கவனிக்கத் தக்கது. இந்திய அறக்கட்டளை ஒன்று தன் வருவாயை வெளிநாட்டில் செலவிட்டால், சிறப்பு அனுமதி இல்லாமல் அத்தொகைக்கு வரிவிலக்கு கிடைப்பதில்லை. ஆகவே நம் ஜமாஅத்துகளுக்கு எளிய வழி, சிகிச்சைக்காக இந்தியா வந்துசேர்ந்த குழந்தையின் கட்டணத்தை இங்குள்ள மருத்துவமனைக்கே செலுத்துவதுதான். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிறது. ரமளானில் நம் பள்ளிவாசல்களில் கஞ்சி வார்க்கிறோம். உண்பவரின் முகம் கண்ணெதிரே தெரிவதால் அந்த அறங்களுக்குக் கை தானாக நீளுகிறது. மருத்துவமனை ரசீதுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை.

செலுத்துமுன் குழந்தையின் தந்தையிடமிருந்து, தம் கடனைத் தம் சார்பில் அடைக்க ஜமாஅத்தை வகீலாக நியமிப்பதாக இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் போக மருத்துவமனை திருப்பித் தரும் மீதத் தொகை ஜமாஅத்துக்கு உரியதன்று. உடைமையாக்கப்பட்டபின் அது அவருடையது. அதை அவர் பயணச் செலவுக்கும் வைத்துக்கொள்ளலாம். லாகூர்ப் பெற்றோரைப் போல் இன்னொரு குழந்தைக்கும் கொடுக்கலாம். அந்த முடிவை அவருக்காக நாம் எடுப்பதற்கில்லை.