தேய்ந்த துண்டை எறியாதீர்கள்

பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சவர்க்காரம் கிடைக்காததையும், ஜாம்போத்தல் விளக்கில் படித்ததையும் நாம் எல்லோரும் சொல்லுவோம். அந்த நாட்களில் வாகனங்களை ஓட வைத்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களுடைய கைவேலையில் இன்றைக்கும் எங்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்று உண்டு.

1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் பெற்றோல், பற்றறி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாமே வடக்கில் தடைப்பட்ட பொருட்களாயின. 2002 சனவரியில்தான் அந்தத் தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குள் போனது. கிடைக்காததைப் பட்டறையில் கடைந்தெடுத்தார்கள். அதே 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. ஒரே தீவில் இப்படி இரண்டு நிலைமைகள் இருந்தன.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் அக்கா ஒருவரிடம் ஏ-40 சொமசெற் கார் இருக்கிறது. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை அது. 2009இல் கணவனை இழந்து, மீள்குடியேறிய பிறகு, தமையன் வாங்கிக் கொடுத்த கார். மகன் ஓட்டுகிறான். கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை, பொம்பிளையை ஏற்றிப் போவதில் வரும் பணம்தான் வீட்டுக்குப் பெரிய வருமானம். கடந்த ஆண்டு அது முற்றத்தில் நின்றுவிட்டது.

“தங்கச்சி, கியர் விழுகுதில்லை. சாமான் எங்கையும் இல்லையாம். பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கிலை கேக்கிறான். குடுப்பம் எண்டு யோசிக்கிறன்” என்றார்.

இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லிவிட்டு, கிளிநொச்சியில் உள்ள வயதான மெக்கானிக் ஐயா ஒருவரிடம் அவரைக் கூட்டிப் போனேன். பிறகு ஐயாவே வந்து காரைப் பார்த்தார். அந்தக் காரில் கியர் தடி ஸ்ரியரிங் தண்டோடு சேர்ந்திருக்கும். கை அசைக்கும் அசைவு, கீழே கம்பிகள், சிறு கைகள், பின்கள் வழியாகக் கியர்ப் பெட்டிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சிறிது ஆட்டம் இருந்தாலும் எல்லாம் கூடி, கடைசியில் அசைவு போய்ச் சேராது. தடி அசையும், கியர் மாறாது. கியர்ப் பெட்டியில் பழுது இல்லை, ஒரு மூட்டின் புஷ்தான் தேய்ந்துவிட்டது என்று காட்டினார். துளையும் முட்டை வடிவாகியிருந்தது.

துளையை வெல்டிங் செய்து நிரப்பி, மீண்டும் வட்டமாகத் துளைத்தார். பித்தளைத் துண்டொன்றை லேத்தில் கடைந்து புது புஷ் செய்தார். பின்னை உருக்குக் கம்பியில் செய்தார். பித்தளை மென்மையானது, அதுதான் முதலில் தேயும், பின் தப்பும். அடுத்த முறை புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். செலவு ஓர் ஆட்டுக்குட்டியின் விலைகூட ஆகவில்லை. கார் இப்போது கலியாண வீடுகளுக்குப் போய் வருகிறது.

“பிள்ளை, பழுதாப்போன சாமானை எறிஞ்சு போடாதேங்கோ. அதுதான் அளவு” என்றார் ஐயா. தேய்ந்த துண்டு கையில் இருந்தால் தேயாத பக்கத்தை வைத்து அளவெடுக்கலாம். அது தொலைந்தால் ஊகித்துத்தான் செய்ய வேண்டும். தையல் மெசினுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் இது பொருந்தும். ஆகவே சகோதரிகளே, கழற்றிய துண்டுகளை ஒரு ரின்னில் போட்டு வையுங்கள். விற்பதற்கு முன் பட்டறையில் ஒருவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமான் தேடி, கைவிடப்பட்ட வாகனங்கள் கிடந்த பற்றைகளுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். எங்கள் மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பழைய இரும்பு என்று தூக்கியது வெடித்து கை, கண் இழந்தவர்கள் இருக்கிறார்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

அந்த ஐயாவுக்கு வயது போய்விட்டது. அவர் கையிலுள்ள வேலையை யார் பழகுவது? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழிலும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கப்படுகின்றன. பெண்பிள்ளைகளும் சேரலாம். லேத்தில் பித்தளை கடைவதற்குப் பெரிய பலம் தேவையில்லை. அளவும் பொறுமையும்தான் வேண்டும். தையலும் கோழி வளர்ப்பும் தவிர வேறென்ன என்று கேட்கும் தாய்மார் இதையும் ஒரு தொழிலாக யோசித்துப் பாருங்கள்.