கர்ப்பகால அட்ரினல் சுரப்பி இரத்த அடைப்பு

கர்ப்பகால அட்ரினல் சுரப்பி இரத்த அடைப்பு என்பது, கர்ப்பிணியின் அட்ரினல் சுரப்பியிலுள்ள சிரையில் இரத்தம் உறைந்து, அதனால் சுரப்பியின் திசுக்கள் இறந்துபோகும் அரிய நோய்நிலை ஆகும். சிலருக்குச் சுரப்பிக்குள் இரத்தக்கசிவும் ஏற்படும். திடீர் வயிற்றுவலியாகத் தொடங்குவதால் இது வேறு நோயாகத் தவறாகக் கருதப்படுவதுண்டு.

சுரப்பியின் அமைப்பு

இரு சிறுநீரகங்களின் மேலும் ஒவ்வோர் அட்ரினல் சுரப்பி உள்ளது. இவை கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து இரத்த அழுத்தம், உப்புச் சமநிலை, சர்க்கரை அளவு ஆகியவற்றைக் காக்கின்றன. ஒவ்வொரு சுரப்பிக்கும் மூன்று தமனிகளின் பல நுண்கிளைகள் வழியாக இரத்தம் வருகிறது. ஆனால் வெளியேறும் முதன்மை வழி ஒரே ஒரு மையச் சிரைதான். பல வாய்க்கால்கள் நிரப்பும் குளத்துக்கு ஒரே மதகு இருப்பது போன்றது இது. மதகு அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, திசு இறப்போ இரத்தக்கசிவோ நேரிடும்.

காரணங்கள்

பிரசவத்தின்போது அதிக இரத்தம் போகாதிருக்க, கர்ப்பகாலத்தில் உறைதலுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் இயல்பாகவே கூடுகின்றன. உறைதலைத் தடுக்கும் புரதம் எஸ் குறைகிறது. அதே வேளையில் அட்ரினல் புறணியின் வேலையும் அதற்கான இரத்த ஓட்டமும் அதிகரிக்கின்றன. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி, பரம்பரை உறைதல் கோளாறுகள் ஆகியவை இருந்தால் ஆபத்து மேலும் கூடும். எனினும், முன்பு எந்த நோயும் இல்லாத பெண்களுக்கும் இது வரலாம்.

அறிகுறிகள்

பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், விலாப்பக்கத்திலோ மேல்வயிற்றிலோ திடீரெனக் கடும் வலி தோன்றும். குமட்டலும் வாந்தியும் உடன் வரலாம். சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் ஆகியவற்றிலும் இத்தகைய வலி வரும். இரு சுரப்பிகளும் பாதிக்கப்பட்டால் இரத்த அழுத்தமும் சோடியமும் குறைந்து, தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தான அட்ரினல் நெருக்கடி ஏற்படலாம்.

கண்டறிதல்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இப்பாதிப்பு தெரியாமல் போகலாம். எனவே அதன் முடிவு இயல்பாக இருந்தும் கடும் வலி நீடித்தால், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் குறித்து மருத்துவர்கள் முடிவு செய்வர். கர்ப்பகாலத்தில் கார்ட்டிசால் இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஆதலால் பிறருக்கு இயல்பான அளவு, கர்ப்பிணிக்குப் போதாத அளவாக இருக்கலாம்.

சிகிச்சை

வலிநிவாரணிகளுடன், உறைதலைத் தடுக்கக் குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் ஊசி தரப்படுகிறது. இது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவதில்லை. இரத்தக்கசிவு இருந்தால் இம்மருந்து குறித்துத் தனியே முடிவெடுக்க வேண்டும். ஹார்மோன் பற்றாக்குறை ஐயப்பட்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்துவது உயிர்காக்கும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் வரை உறைதல் ஆபத்து மிகுந்திருப்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

கொங்குப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

இந்நோயில் காலம் முக்கியமானது. கோயம்புத்தூர் நகரில் கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவோர் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே பொள்ளாச்சிச் சமவெளியை அடைய முடியும். ஆகவே முன்பு கால் சிரையில் இரத்தம் உறைந்தது, அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஏற்பட்டது ஆகியவற்றை முதல் பரிசோதனையிலேயே கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவிப்பது நல்லது. கர்ப்பிணிக்கு வரும் திடீர்க் கடும் வலியைச் சூட்டுவலி, வாயுத்தொல்லை என்று கைமருந்துடன் விட்டுவிடாமல், 108 அவசர ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.