புரையின் வழி காட்டும் நீலம்

தில்லியில் எங்கள் கிளையில் வாகனக் கடன் பெற்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், தொடர்ந்து மூன்று தவணைகளைக் கட்டத் தவறினார். அழைத்து விசாரித்தபோது நெடுநேரம் தயங்கினார். பிறகு, உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே புண் என்றார். ஓராண்டுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்தும் திரும்ப வந்துவிட்டதாம். நாற்காலி நுனியில் ஒருக்களித்து அமர்ந்தபடியே பேசினார். தவணையை மாற்றியமைக்க எங்களால் இயன்றது. புண் ஏன் திரும்பியது என்னும் கேள்விதான் என்னை விடவில்லை.

நோயின் பெயர் பைலோனிடல் சைனஸ். ‘மயிர்க்கூடு’ என்னும் பொருளில் 1880இல் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இட்ட பெயர் அது. வால் எலும்பை ஒட்டிய பிளவில் உதிர்ந்த முடி தோலைத் துளைத்து உட்புகும், சீழ் கட்டும், புரையோடும். இளைஞர்களையே, அவர்களிலும் ஆண்களையே, மிகுதியாகப் பற்றுவது. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 80,000 அமெரிக்க வீரர்கள் இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஜீப்பில் குலுங்கிச் சென்றதே காரணம் என்று கருதி ‘ஜீப் நோய்’ என்றே அழைத்தனர். நம் சப்தர்ஜங் மருத்துவமனையும் 1942இல் நேச நாட்டுப் படைகளுக்காகத் தோன்றியதுதான். அங்கும் ஜீப் ஓட்டிய வீரர் எவரேனும் குப்புறப் படுத்திருந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

வெளியே தெரிவது குண்டூசித் தலையளவுத் துளை ஒன்றோ இரண்டோதான். உள்ளே அது எத்தனை கிளைகளாகப் பிரிந்துள்ளது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிளை விடுபட்டாலும் நோய் மீண்டும் தலைதூக்க இடமுண்டு.

இங்கேதான் மெத்திலீன் நீலம் உதவுகிறது. 1876இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர் உருவாக்கிய சாயம் இது. கத்தி வைக்குமுன், மழுங்கிய முனையுள்ள குழாய் வழியே நீர்த்த சாயத்தைத் துளைக்குள் மெல்லச் செலுத்துவர். புரை சென்ற வழியெல்லாம் நீலம் பாயும். நீலம் படிந்த திசு முழுவதையும் அகற்றுவர். காயத்தின் அடியில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தாலும் அங்கே கிளை எஞ்சியுள்ளது என்று பொருள். சீழ்க்கட்டியாக வந்த நோயாளிகளிடம் இம்முறை, நீண்டகாலத்தில் நோய் திரும்புவதைப் பாதியாகக் குறைத்ததாக ஜெர்மானிய மருத்துவர்கள் 2008இல் எழுதினர்.

சாயம் மந்திரமன்று. அழுத்திச் செலுத்தினால் நல்ல திசுவிலும் கசிந்து குழப்பும். முடியோ சீழோ அடைத்த கிளைக்குள் அது நுழையாது. காயத்தை நடுக்கோட்டிலிருந்து விலக்கித் தைப்பதும் முக்கியம். முடி அகற்றும் முறையை மருத்துவரிடமே கேட்பது நன்று. சவரக் கத்தி எல்லோருக்கும் ஏற்றதன்று. மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்களும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வங்கிக்காரன் என்ற முறையில் ஒன்று: பல மருத்துவக் காப்பீடுகளில் இந்நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. வெட்கத்தால் மறைக்காமல், பாலிசி எடுக்கும்போதே அப்பகுதியைப் படித்துவிடுங்கள்.

ஓட்டுநருக்கு இரண்டாம் முறை சாயம் செலுத்தியே அறுவை நடந்தது. அன்றிரவு சிறுநீர் பச்சையாகப் போனதைக் கண்டு பதறிவிட்டாராம். அது சாயம் வெளியேறுவதுதான் என்று செவிலியர் தேற்றினாராம். அடுத்த தவணை கட்ட வந்தபோது அவரே சொல்லிச் சிரித்தார்.