விளையாட்டுப் பெட்டிகள் பழுதாவது ஏன்?

பத்தாம் வகுப்பு மாணவி

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்துள்ள பொழுதுபோக்குச் சாதனங்களுள் வீடியோ கேம் பெட்டியும் ஒன்று. தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் இப்பெட்டியை அறியாத சிறுவர் சிறுமியர் இன்று அரிது. அதில் விளையாடத் தெரிந்தவர் பலர். அது ஏன் பழுதாகிறது என்று கேட்பவர் சிலரே. பெட்டி நின்றுவிட்டால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது பிள்ளைதான். "ஓயாமல் ஆடி ஆடிக் கெடுத்துவிட்டாய்" என்பார்கள். அக்குற்றச்சாட்டு எந்த அளவுக்கு உண்மை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊதினால் ஓடுமா?

ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஃபாமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. 1985இல் அதையே வேறு உருவில் அமெரிக்காவில் விற்றது. அமெரிக்கப் பெட்டியில் கேசட்டை முன்புறமாகச் செருகிக் கீழே அழுத்த வேண்டும். உள்ளே 72 சிறு ஊசிகள் கொண்ட இணைப்பு ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். நாளடைவில் அவ்வூசிகள் வளைந்து தளர்ந்தன. திரையில் படம் வராமல் வெறும் ஒளி மட்டும் விட்டு விட்டு மின்னியது.

ஃபாமிகாமின் நகல்கள் 1990களில் நம் நாட்டிலும் விற்பனையாயின. கேசட்டை எடுத்து வாயால் ஊதி மீண்டும் செருகியது நம் பெற்றோர் பலருக்கும் நினைவிருக்கும். ஊதியதால்தான் ஓடியது என்று அவர்கள் நம்பினர். உண்மையில், எடுத்து மீண்டும் செருகியபோது ஊசிகள் நன்றாகப் பொருந்தியதே காரணம். ஊதும்போது வாயின் ஈரம் உலோகத்தில் படிந்து அதை அரிக்கும். ஆகவே ஊதவேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்தது.

வெப்பம் செய்யும் வேலை

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பெட்டியை வெளியிட்டது. அது 2006இல் இந்தியாவுக்கும் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் திடீரென நின்று, முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரியலாயின. உலகெங்கும் இந்தப் புகார் எழுந்தது.

இதன் காரணத்தை நம் ராயபுரத்தைக் கொண்டே விளக்கலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. அக்காலத்தில் இரண்டு தண்டவாளங்கள் சேருமிடத்தில் சிறு இடைவெளி விடுவார்கள். வெயிலில் இரும்பு நீளும், இரவில் சுருங்கும். இடைவெளி இல்லாவிட்டால் தண்டவாளம் வளைந்துவிடும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம்.

விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் இதே விதிதான். அதன் மூளையாகிய சில்லு சிலிக்கனால் ஆனது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் சிலிக்கன் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்குதான் விரியும். அதைத் தாங்கும் பலகையோ சுமார் 15 பங்கு விரியும். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பவை கடுகினும் சிறிய உலோகப் பற்றுக்கள். பெட்டியைப் போட்டால் சூடேறி விரிகிறது. நிறுத்தினால் ஆறிச் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் அப்பற்றுக்கள் இருபுறமும் இழுபடுகின்றன. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிந்துவிடுவது போல, ஒருநாள் அவை விரிந்துபோகின்றன. சில்லின் கூட்டுக்குள்ளேயே இவ்விணைப்புகள் உடைந்தன என்று, 2021இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஆவணப்படத்தில் அதன் பொறியாளர்களே விளக்கினர்.

சிலர் பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற்றி ஓடவைக்கப் பார்த்தனர். சில வேளைகளில் அது சற்று நேரம் ஓடவும் செய்தது. ஆனால் உடைந்த பற்று அதனால் நிலையாக ஒட்டுவதில்லை. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

உப்புக் காற்று

ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நமக்கு வேறொரு பகையும் உண்டு. அது கடற்காற்று. ஜன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் நம் பகுதியில் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றோடு வரும் உப்பு, பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே புகுந்து பலகையில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் போகக்கூடாத வழியில் கசியும்; செம்பு பச்சை பூக்கும். லாரிகள் கிளப்பும் புழுதியோ விசிறியை அடைத்துச் சூட்டைக் கூட்டுகிறது.

எங்கள் தெருவில் ஒரு சிறுவனின் பெட்டி நின்றுபோனது. ஒரு வாரம் முழுவதும் அவனுக்கு ஏச்சுத்தான். அவனுடைய அக்காவும் நானும் அதைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் மூடியைத் திறந்து, பச்சை பூத்திருந்த இடத்தைக் காட்டினார். "பாப்பா, இது புள்ள ஆடிக் கெட்டது இல்ல. உப்புக் காத்துல கெட்டது. வீட்ல சொல்லு" என்றார். வீட்டிலும் சொன்னோம், ஏச்சு நின்றது.

தேய்மானம்

இன்னொரு வகைப் பழுது தேய்மானத்தால் வருவது. 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில், கை வைக்காமலே திரையிலுள்ள உருவம் தானாக நகர்வதாகப் பலர் முறையிட்டனர். அதன் கைப்பிடிக்குள் கரிப்பூச்சின் மேல் உலோக நுனி உரசிச் செல்கிறது. கரி தேய்ந்தால் அளவு தவறும். உழைக்கும் பாகம் தேயத்தான் செய்யும். எளிதில் மாற்றும்படி அதை அமைப்பது செய்பவரின் கடமையாகும்.

பொறுப்பு யாருடையது?

2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பெட்டியின் குறையை ஒப்புக்கொண்டது. மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்கு உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. இது பாராட்டுக்குரியதே. ஆனால் உத்தரவாதம் பெற ரசீது வேண்டும். பழைய பெட்டியைக் கைமாற்றி வாங்கும் எளிய குடும்பத்தாரிடம் ரசீது ஏது? குறை செய்தவரிடம் இருக்க, நஷ்டம் அவர்கள் தலையில் விழுகிறது; பழியோ பிள்ளையின் தலையில்!

தூக்கி எறிந்தாலும் தொல்லை தீர்வதில்லை. செம்புக்காகப் பலகைகளையும் கம்பிகளையும் எரிக்கும்போது நச்சுப்புகை எழுகிறது. பழைய பலகைகளிலுள்ள ஈயம் மண்ணில் சேர்கிறது; அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ திருமடலும், பொருளைப் பயன்படுத்தி வீசியெறியும் பழக்கத்தைக் கண்டிக்கிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பெட்டியைக் கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்கலாகாது. காற்றுத் துளைகளை மூடலாகாது. தூசியை உலர்ந்த தூரிகையால் அகற்ற வேண்டும். ஆடாத வேளையில், சூடு ஆறியபின் துணியால் மூடி வைக்கலாம். மின்சாரம் இணைந்திருக்கும்போது திறக்கவே கூடாது. வாங்கும்போது ரசீதைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

தோழியரே! இயந்திரங்களைப் பற்றி அறிவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் பழுதானால் யாரையேனும் கடிந்துகொள்வது எளிது. காரணத்தைத் தேடுவது சற்றுக் கடினம். ஆயினும், காரணம் தெரிந்த இடத்தில் வீண்பழிக்கு இடமில்லை. நாம் கற்கும் விஞ்ஞானம் தேர்வுக்கு மட்டுமன்றி, நம் வீட்டில் நீதி நிலவவும் துணைபுரியட்டும்.