பிரேக் மேல தப்பில்ல!
(பனியில் ஒரு சைக்கிள் பயணமும் கொஞ்சம் அறிவியலும்)



அரையாண்டு லீவுக்கு ஊட்டி பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊட்டி என்றால் எல்லாரும் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் என்பார்கள். நான் கொண்டு வந்தது முழங்கையில் ஒரு பெரிய சிராய்ப்பு! அது எப்படி வந்தது, ஏன் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

விடியற்காலை 6 மணி. அண்ணனும் (பெரியம்மா பையன்) நானும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். அவனுடைய கியர் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பழைய சைக்கிளை அவன் எடுத்துக்கொண்டான். தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் மேடு ஏறி, அந்தப் பக்கம் காரட் தோட்டங்கள் இருக்கும் பள்ளத்துக்கு இறங்க வேண்டும்.

"டேய், கிளவுஸ் போட்டுக்கோ. இறங்கறப்ப கை விறைச்சுப் போயிரும்" என்றான் அண்ணன்.

"நான் காந்திபுரம் டிராபிக்லயே ஓட்டறவன். இதெல்லாம் எனக்கு எதுக்குண்ணா?" என்றேன். வாய்க்கொழுப்பு!

மேடு ஏறும்போது குளிரே தெரியவில்லை. வியர்வையில் பனியன் நனைந்துவிட்டது. உச்சியில் நின்று பார்த்தால், கீழே பள்ளம் முழுக்க யாரோ உப்பைக் கொட்டி வைத்த மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதுதான் உறைபனி.

மேலே இல்லாத பனி கீழே எப்படி? மேகம் இல்லாத இரவில் தரையின் வெப்பம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் அங்கே தேயிலைச் செடிகள் கருகாமல் இருக்க மேலே தாகைச் செடிகளைப் போட்டு மூடி வைக்கிறார்கள். இன்னொன்று, ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், நம்ம கோவை சுமார் 410 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அப்படியென்றால் சுமார் 12 டிகிரி வித்தியாசம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம். இறங்க ஆரம்பித்தோம். முதல் வளைவில் ஜாலி. இரண்டாவது வளைவில் விரல் எரிந்தது. மூன்றாவது வளைவில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிரேக்கைப் பிடிக்க நினைக்கிறேன், கை பிடிக்க மாட்டேன் என்கிறது. எதிரே ஓடைமேல் பலகைப் பாலம், பலகை முழுக்க வெள்ளைப் பனி. "அண்ணா!" என்று கத்திக்கொண்டே பக்கத்துத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன்.

வீட்டில் கேட்டபோது, "பிரேக் பிடிக்கல" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "பிரேக் இல்லாத வண்டிய சின்னப் பையன்கிட்ட குடுப்பியா?" என்று ஒரே திட்டு. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்தான். டக்கென்று நின்றது. அப்பவும் நான் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி திறந்ததும் நம் அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் சொல்லித்தான் முழுசாகப் புரிந்தது.

* குளிரில் நம் உடம்பு முதலில் இதயம், மூளை போன்ற முக்கிய உறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கும். அதற்காக விரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நரம்பும் தசையும் மந்தமாகிவிடும்.

* ஏறும்போது மிதிப்பதால் உடம்பு சூடாகிறது. இறங்கும்போது மிதிப்பதே இல்லை, ஆனால் காற்று அதிகம். 0 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு -5 டிகிரி போலத் தெரியும். நனைந்த பனியன் மிச்சச் சூட்டையும் இழுத்துவிடும்.

* ஈரமான சக்கரத்தில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே மெதுவாகப் பிடிக்க வேண்டும். வழுக்கும் இடத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கிவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?
அமெரிக்காவின் அலாஸ்காவில் 1987-லேயே பனிப்பாதையில் 'ஐடிடாபைக்' என்ற சைக்கிள் போட்டி நடந்தது. இப்போது அங்கே பனியில் ஓட்டுபவர்கள் 4 அங்குல அகல டயரில் காற்றைக் குறைவாக அடிக்கிறார்கள். டயர் தட்டையாகப் பரவுவதால் பனியில் புதையாது. ஹேண்டில்பாரிலேயே பெரிய உறை மாட்டி, அதற்குள் கையை விட்டுக்கொள்கிறார்கள். அலாஸ்காக்காரர்களே கையை மூடும்போது நான் மூடவில்லை!

பனிக்காலத்தில் ஓட்டுபவர்களுக்கு:
1. கிளவுஸ் கட்டாயம்.
2. இறங்கும் முன் நின்று, விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். மடங்கவில்லை என்றால் உருட்டிக்கொண்டு போங்கள்.
3. சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் பழைய நியூஸ்பேப்பர் வையுங்கள். காற்றைத் தடுக்கும். மலைப்பாதை சைக்கிள் வீரர்களே செய்த உபாயம் இது.
4. வெயில் வந்ததும் மேல்மண் மட்டும் உருகிச் சேறாகும், அடியில் கெட்டியாகவே இருக்கும். அப்போதுதான் அதிகம் வழுக்கும்.
5. கூட வருகிறவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்தக் கட்டுரையை ஒட்டுவதற்கு முன்பே பெரியப்பாவுக்குப் போன் செய்து, "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு பெரியப்பா, என் கைதான் விறைச்சுப் போச்சு. அண்ணன் கிளவுஸ் போடச் சொன்னான், நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் போனை அண்ணனிடம் கொடுத்தார்.

"காயம் ஆறிடுச்சாடா?" என்றுதான் கேட்டான்.

ஆறிவிட்டது அண்ணா. இப்பத்தான் முழுசா ஆறியது.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்